அகலம் அண்ணையும் திரைக்கு வெளியே நின்ற ஆடும்

படத்தில் வெட்டுப்பட்டுப்போன ஓரத்தில் யார் நின்றார்கள் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதை நம்புவதா, விடுவதா? ஐந்து வருடமாக யோசிக்கிறேன். இன்னும் விடை இல்லை. ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். வன்னியில் சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை என்று எல்லாரும் கவலைப்பட்ட நாட்களில், காட்டூன் படத்தின் இரண்டு பக்கத்திலும் அரைச் சாண் இல்லையே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் அகலம் அண்ணைதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஆள் கமுகு மாதிரி. உடம்பில் அகலம் என்று சொல்ல எதுவுமே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஒப்பரேட்டராக இருந்தவராம். இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தபோது மற்றவர்கள் பானை, சட்டி, பாய் என்று கட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் சைக்கிளில் ஒரு தொலைக்காட்சி, கசெற் போடும் ஒரு டெக், ஒரு றங்குப்பெட்டி நிறையப் பழைய காட்டூன் கசெற்றுகளோடு வந்து இறங்கினார். மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூடக் கொண்டுவரவில்லை.

அவருடைய வழக்கு இதுதான். தியேட்டர்த் திரை நீளமானது, அதற்கு ஸ்கோப் என்று பெயர். தொலைக்காட்சி ஏறக்குறையச் சதுரம், அகலம் நாலென்றால் உயரம் மூன்று. நீளமான படத்தைச் சதுரப் பெட்டிக்குள் அடக்குவதற்காக, கசெற் அடிக்கிறவர்கள் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடுகிறார்கள்.

"தங்கச்சி, நான் ஓட்டேக்கை இந்தக் குளத்திலை பத்து வாத்து நீந்தினது. இப்ப ஆறுதான் நீந்துது. மிச்சம் நாலும் எங்கை?" என்று என்னிடம் கேட்பார். நான்தான் பிடித்துக் கறி வைத்ததுபோல எனக்கு வேர்க்கும்.

இடம்பெயர்ந்தவர்களுக்குக் காணி பிரித்துக் கொடுத்த விதானையாரிடமும் இதே கதைதான். "ஐயா, எல்லாருக்கும் குடுத்தமாதிரி நாலுக்கு மூண்டு காணி எனக்கு வேண்டாம். ஸ்கோப்பிலை தாங்கோ."

விதானையார் கொப்பியைப் புரட்டினார். "ஸ்கோப்போ? அது எங்கையடாப்பா கிடக்கு? துணுக்காய் தாண்டியோ?"

கடைசியில் ஒருவரும் விரும்பாத, வாய்க்கால் ஓரமாக ஓடிய ஒரு துண்டைக் கொடுத்தார்கள். அகலம் அண்ணை அதில் ரயில்பெட்டி மாதிரி ஒரு கொட்டில் போட்டார். குசினியில் ஊற்றிய தேத்தண்ணி முன்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். அந்தக் கொட்டிலில்தான் பின்னேரங்களில் உரச்சாக்கால் வெளிச்சத்தை மறைத்து, மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைப் போட்டு, பிள்ளைகளுக்குப் படம் காட்டுவார்.

கசெற்றில் பூஞ்சணம் பிடித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நாடாவை உருவி எடுத்து, ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணி தொட்டுத் துடைத்து, உடுப்புக் கொடியில் காயவிடுவார். அதனால் எந்தப் படம் பார்த்தாலும் கலியாணவீட்டு வாசம் அடிக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு மாடு கொடியில் கிடந்த எலிப் படத்தில் வாய் வைத்துவிட்டது. ஒரு நுனியை மாடு இழுக்க, மறுநுனியை இவர் இழுக்க, பாதிப் படம்தான் மிஞ்சப்போகிறது என்று நாங்கள் நினைத்தோம். பன்னிரண்டு நிமிடம்தான் போனது. அன்று பின்னேரம் அந்த இடம் வந்ததும் அகலம் அண்ணை எழும்பி நின்று, மாடு தின்ற பன்னிரண்டு நிமிடத்தையும் எலியாகவும் பூனையாகவும் தானே நடித்துக் காட்டினார். படத்தில் அதுதான் நல்ல இடம் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஒருமுறை வெட்டாத கசெற் ஒன்று எங்கிருந்தோ அவருக்குக் கிடைத்தது. முழு அகலமும் தெரிவதற்காக மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டிருந்தார்கள். அவர் சுவாமி படத்தைத் திறப்பதுபோலத் திரையில் கிடந்த துணியை விலக்கினார். சனம் கொதித்துப்போனது.

"என்னண்ணை, மேலையும் வெட்டிப்போட்டியள், கீழையும் வெட்டிப்போட்டியள்! நாங்கள் கறுப்புப் பாக்கவோ வந்தனாங்கள்?"

"ஐயோ, வெட்டேல்லை! இதுதான் முழுசு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நாள் வெட்டிய படத்தையே திரும்பவும் போடவேண்டி வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். சிரித்துக்கொண்டு எழுத முடியாத இடம் இது ஒன்றுதான்.

அப்போது என் மகளுக்கு நாலு வயது. ஒருநாள் அகலம் அண்ணையிடம் ஆட்டுக்குட்டிப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன். காட்டில் தொலைந்த குட்டி ஒன்று தாயைத் தேடுகிற கதை. கடைசியில் குட்டி 'மே' என்று கத்திக்கொண்டு வலது பக்கம் ஓடி, திரையின் ஓரத்தில் மறைகிறது. உடனே எழுத்து ஓடத் தொடங்குகிறது. தாய் வரவே இல்லை.

அன்றிலிருந்து மகள் என் சட்டையை விடவில்லை. நான் வாசல்நிலையைத் தாண்டினால் போதும், வீரிட்டுக் கத்துவாள். "அம்மா, ஓரத்துக்குப் போகாதேங்கோ!" கிணற்றடிக்குப் போனாலும் ஓரம், குசினிக்குப் போனாலும் ஓரம். சோறு வாய்க்குள் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேரவேண்டும். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். போனால் பிள்ளை என்ன ஆவாள்? படத்துக்குக் கூட்டிப்போனது என் பிழையா? கூட்டிப்போகாமல் விட்டிருந்தால் அது வேறொரு பிழையா? யோசித்து யோசித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கவே போனேன்.

"அண்ணை, தாயில்லாத படத்தை ஏன் பிள்ளையளுக்குப் போட்டனீங்கள்?"

அகலம் அண்ணை ஸ்க்றூட்றைவரைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது தாயில்லையெண்டு? தாய் நிக்குது! வலப்பக்கம், மரத்துக்குக் கீழை. அதைத்தானே வெட்டிப்போட்டாங்கள்!"

"உண்மையாவோ?"

"தங்கச்சி, நான் நூறு தரம் ஓட்டின படம்."

மகள் முதல் தடவையாக என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப காட்டுங்கோ," என்றாள்.

மூன்று நாள் கொட்டிலைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தார். கடதாசி மட்டைகளை ஒட்டி, கரியும் மஞ்சளும் செங்கல் தூளும் குழைத்து, தொலைக்காட்சியின் இரண்டு பக்கமும் காட்டை நீட்டி வரைந்தார். வலது பக்க மரத்தின் கீழ் ஒரு பெரிய ஆடு. அவருடைய தொலைக்காட்சியில் நிறம் கெட்டு எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். வெளிநாட்டு ஆடு பச்சை நிறம் என்று நம்பியிருந்த பிள்ளைகள், இந்த மண்ணிற ஆட்டைக் கண்டு சந்தேகப்பட்டார்கள்.

அவர்களைவிடப் பெரிய சந்தேகம் செல்லம்மா அக்காவுக்கு. மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியிருந்தவர். பதினைந்து ஆடு வளர்ப்பவர். மட்டைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏங்க அண்ணே, இது ஆடுங்களா?"

"ஓம், தாயாடு."

"தாயாட்டுக்கு ரெண்டு காம்புதாங்க. நீங்க நாலு போட்டிருக்கீங்க. இது மாட்டு மடிங்க."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நூறு தரம் ஓட்டிய மனிதருக்குக் காம்பு எத்தனை என்று தெரியவில்லை. அகலம் அண்ணை கரித்துண்டை எடுத்து, இரண்டு காம்பைப் புல்லாக்கிவிட்டார்.

படம் தொடங்கியது. அடுத்த சிக்கல். மட்டை ஆடு அசையாதே! ஓநாய் குட்டியைத் துரத்துகிறது. தாய் பக்கத்தில் நின்று அசைபோடுகிறது. குட்டி ஆற்றில் விழுகிறது. தாய் அப்போதும் அசைபோடுகிறது.

"எட, இதுவும் ஒரு தாயோ!" என்று பின்னாலிருந்த ஒரு கிழவர் கத்தினார். "கூப்பிடு தூரத்திலை நிண்டுகொண்டு பாக்கிறாள் பார், மூதேசி!"

அகலம் அண்ணை படத்தை நிறுத்தினார். கத்தரிக்கோலால் ஆட்டை மட்டையிலிருந்து வெட்டி எடுத்து, தடி ஒன்றில் கட்டி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். வெட்டுகிறவர்களை வாழ்நாளெல்லாம் திட்டியவர், அன்று தன் கையாலேயே வெட்டினார். மிச்சப் படம் முழுக்க ஆட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கடைசிக் காட்சி வந்தது. குட்டி வலது பக்கம் ஓடி ஓரத்தில் மறைந்தது. மறைந்த அதே கணத்தில் மரத்தின் கீழ் ஆடு எழும்பியது.

"மே... ஏ..." என்றார் அகலம் அண்ணை. தாயாட்டுக்கு அவருடைய குரல் பொருத்தமாகவே இருந்தது.

மகள் கை தட்டவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை நான் சேலையோடு வாசலில் தயங்கி நிற்க, "போங்கோ அம்மா, நீங்கள் ஓரத்திலைதானே நிப்பீங்கள்," என்று கையசைத்தாள். நான்தான் படலைவரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

இப்போது நாங்கள் வவுனியாவில் இருக்கிறோம். அவரும் இங்கே ஒரு வானொலி திருத்தும் கடையில் இருக்கிறார். போன மாதம் லண்டனிலிருந்து என் தம்பி ஒரு கசெற் அனுப்பினான். அதே ஆட்டுக்குட்டிப் படம். கீறல் எல்லாம் எடுத்து, பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஓரம் வெட்டாமல் முழு அகலத்தில் புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். இந்த மனிதருக்குத் தவம் பலித்தது என்று நினைத்து, மகளை அனுப்பி அவரைக் கூட்டிவரச் சொன்னேன்.

வந்தார். கசெற் பெட்டியைச் சட்டையில் துடைத்தார். அட்டையில் இருந்த படத்தின் நீளத்தைப் பெருவிரலால் அளந்தார். "வடிவாச் செய்திருக்கிறாங்கள்," என்றார்.

"போடட்டோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி... கடையிலை வேலை கிடக்கு. பேந்து பாப்பம்."

ஊற்றிய தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் ஒழுங்கை வழியாக அவர் வருவதில்லை, சுற்றிப் போகிறார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. "அம்மா, எப்ப படம் போடுறது?" என்று தினமும் கேட்கிறாள். வாசகர்களில் யாராவது இந்தப் படத்தைத் தியேட்டரில் முழுசாகப் பார்த்திருந்தால், மரத்தின் கீழ் ஆடு நிற்கிறதா இல்லையா என்று தயவுசெய்து எழுதவேண்டாம். படத்தைப் போடலாமா, விடலாமா என்பதை மட்டும் எழுதுங்கள். போடலாம் என்றால், அகலம் அண்ணையை வெட்கப்படுத்தாமல் என்ன சொல்லிக் கூட்டிவருவது என்றும் ஒரு வரி எழுதுங்கள். அவர் இல்லாமல் அந்தப் படத்தைப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வராது.