லத்தீன் சாரும் ஆலிஸ் வழக்கும்

பதினான்காம் நூற்றாண்டில் குடியிருந்துகொண்டு, தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரத்துக்கு வேலைக்கு வந்துபோன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே பெட்டியில் போனோம் என்பதில் திண்டிவனத்துக்காரர்களாகிய எங்களுக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் பெயர் லத்தீன் சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலை இருக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நான் வணிகவியல் நடத்தினேன், அவர் வரலாறு நடத்தினார். இரண்டு பேருக்குமே நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு கல்வியாண்டும் 'வாங்க' என்று கூப்பிட்டால்தான் உண்டு. என்னிடம் முனைவர் பட்டமாவது இருந்தது. விற்பனை வரி பற்றிய அந்த ஆய்வேட்டை நானே இரண்டாவது முறை புரட்டியதில்லை. லத்தீன் சார் அந்தப் பட்டத்துக்காக வருடக்கணக்கில் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பட்டம் வந்தால் வேலை நிலைக்கும், வராவிட்டால் போய்விடும் என்று கல்லூரியில் அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம்தான் விசேஷம். இடைக்கால இங்கிலாந்தில், வரைபடத்தில்கூடச் சரியாகத் தெரியாத ஒரு குக்கிராமத்தில், அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடந்த கதிரைப் பொறுக்கியவர்கள் யார் என்பது. ராஜா இல்லை, போர் இல்லை, கோட்டை இல்லை. "ஏன் சார், செஞ்சிக்கோட்டை பக்கத்துலயே நின்னுக்கினு இருக்குதே, அத்த ஆராய்ச்சி பண்ணக் கூடாதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "அதுக்கு நூறு பேரு இருக்காங்க சார். இவங்களுக்கு யாரு இருக்கா?" என்பார், அநாதை விடுதி நடத்துகிறவர் மாதிரி.

அந்தக் கிராமத்தில் பண்ணையார் ஒரு பஞ்சாயத்து நடத்தியிருக்கிறார். அதில் யாருக்கு என்ன அபராதம் என்பதையெல்லாம் ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தோல் சுருள்களின் படங்கள் எப்படியோ இவர் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டன. உடனே லத்தீன் கற்க உட்கார்ந்துவிட்டார். சந்தேகம் வந்தால் திண்டிவனம் பக்கத்தில் ஓய்வாக இருந்த ஒரு வயதான பாதிரியாரைத் தேடிப் போவார். ஃபாதர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாங்க தமிழ்ல பூசை வெக்க ஆரம்பிச்சி எவ்ளோ காலம் ஆவுது சார். நானே மறந்துட்டேன், என்ன உட்டுடுங்களேன்" என்று கும்பிட்டுவிட்டார். இவர் விடவில்லை. கடைசியில் ஃபாதர் இவரிடமிருந்து லத்தீனைத் திரும்பக் கற்றுக்கொண்டார் என்று கேள்வி.

அந்தக் கிராமத்தில் நடப்பது எதுவும் அவருக்குப் பழைய கதை இல்லை. நேற்று நடந்தது. ஒரு நாள் முகமெல்லாம் வெளிறிப்போய்க் கல்லூரிக்கு வந்தார். அலுவலகத்துக் கண்காணிப்பாளர் அம்மா பதறிப்போய் விசாரித்தார்.

"எங்க ஊர்ல பாதிப் பேரு போய்ட்டாங்க மேடம். ஒரே வருஷத்துல."

"ஐயையோ! நீங்க எதுக்கு சார் வந்தீங்க, மொதல்ல கெளம்புங்க" என்று அந்த அம்மா விடுப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். டீ வரவழைத்துக் கொடுத்த பிறகுதான், "எந்த ஊரு சார், ஒலக்கூர் பக்கமா?" என்று கேட்டார்.

"இங்கிலாந்து மேடம். கொள்ளைநோய். ஆவுது, எழுநூறு வருஷம் ஆவப் போவுது."

விடுப்பு ரத்தாகவில்லை. ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் கல்லூரிக்குள் நடந்த கூத்து. ரயில் கதையே வேறு. காலையில் திண்டிவனத்தில் நாங்கள் ஏறும்போது, ஒலக்கூரிலேயே ஏறிய சகாயமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முண்டியம்பாக்கத்தில் இறங்கி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில்தான் வேலை. எதிரே கோதண்டம் உட்கார்ந்திருப்பார். சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம், விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு அடிக்கடி பயணம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் லத்தீன் சார் ஒரு நாள் மடிக்கணினியைத் திறந்து ஆலிஸைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

"இன்னா சார் இது, ஜாதகமா?" என்று கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"ஒரு விதவை சார். பேரு ஆலிஸ். இந்த வருஷமும் அபராதம் போட்டுட்டானுங்க."

"எதுக்கு?"

"கெட்ட விதமா கதிர் பொறுக்கினாளாம்."

"பொறுக்குறதுல இன்னா சார், நல்ல விதம் கெட்ட விதம்?" என்று சகாயமேரி கேட்டார்.

லத்தீன் சார் விளக்கினார். அந்த ஊரில் கிழவர்கள், நோயாளிகள், சின்னப் பிள்ளைகள் இவர்களுக்குத்தான் பொறுக்க உரிமை. கையும் காலும் நன்றாக இருப்பவர்கள் கூலிக்கு அறுக்கப் போக வேண்டும். அறுக்கப் போகாமல் பொறுக்கப் போனால் குற்றம். ஆலிஸ் போயிருக்கிறாள்.

"செரியாத்தான் போட்டிருக்கான்" என்றார் கோதண்டம். "மல்லாட்டை புடுங்க கூப்ட்டா ஆளு வர்றதில்ல. புடுங்கி முடிச்ச மறுநாளு பார்த்தா கொல்லையில கூட்டம். மண்ணக் கிளறி விட்டுப்போன காயிய பொறுக்கிக்கினு இருக்காங்க."

"அந்தம்மாவுக்கு ஒடம்பு முடிலையோ இன்னாவோ! வெளிய பார்த்தா தெரியுமா? நீங்க பாத்தீங்களா?" என்று சகாயமேரி எகிறினார். அவ்வளவுதான், பெட்டி இரண்டாகப் பிளந்தது. மயிலம் வரைக்கும் ஆலிஸ் குற்றவாளி, பேரணி தாண்டியதும் நிரபராதி, விக்கிரவாண்டியில் மறுபடி வாய்தா.

அன்றிலிருந்து அது எங்கள் பெட்டியின் தொடர்கதை ஆகிவிட்டது. மற்ற பெட்டிகளில் சீட்டாட்டம், தூக்கம். எங்கள் பெட்டியில், "ஆலிஸுக்கு இன்னா ஆச்சி சார்?" அடுத்த வருடம் அவளுக்கு இன்னொரு அபராதம் என்று தெரிந்தபோது, வழக்கமாகப் பேசாத ஒரு தபால்காரர்கூட, "போதும் சார், பேஜாரு பண்றானுங்க" என்றார். லத்தீன் சார் படித்தது மட்டும்தான் சொல்வார். அவளுக்குப் பிள்ளை உண்டா? தெரியாது. கறுப்பா, சிவப்பா? தெரியாது. "கொஞ்சம் சேத்துதான் சொல்லுங்களேன் சார்" என்று கெஞ்சினாலும் ஒரு பருக்கை சேர்க்கமாட்டார்.

அந்த வருட அறுவடைக்குப் பிறகு கோதண்டம் ஒரு சமாச்சாரம் சொன்னார். தன் கொல்லை நிலத்தில் காய் பொறுக்க வந்தவர்களை விரட்டவில்லையாம். அவர்கள் பொறுக்கி முடிக்கட்டும் என்று ஆடுகளைக்கூட இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விட்டாராம்.

"மனசு மாறிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மனசாவது ஒண்ணாவது. தொரத்தி வெச்சா, எழுநூறு வருஷம் கழிச்சி எவனாவது ரயில்ல ஒக்காந்துக்கினு என்ன திட்டுவான் சார்."

ஆய்வேடு எழுதுகிற எங்களில் யாரால் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது? என் விற்பனை வரியைப் படித்து ஒருவரும் கூடுதலாக வரி கட்டியதாகத் தெரியவில்லை.

இவ்வளவு திறமை உள்ள மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதுதான் வேதனை. கடைசி அத்தியாயத்தில், கொள்ளைநோய்க்குப் பிறகு பொறுக்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டும். அவருடைய வழக்கப்படி எல்லாம் ஆலிஸை வைத்துத்தான். ஆனால் நோய் வந்த வருடத்துச் சுருள் பாதி சிதைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எதிலும் ஆலிஸ் பெயர் இல்லை. செத்தாளா, பிழைத்து வேறு ஊருக்குப் போனாளா, தடயம் இல்லை. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "ஊர்ல பாதி செத்தது உண்மைதானே? இவளும் செத்தான்னு ஒரு வரி எழுதி முடிய்யா. மனசு வரலியா, பொழச்சான்னு எழுது. யாரு வந்து கேக்கப் போறா?"

லத்தீன் சார் முடிவுரையை எழுதி எடுத்துக்கொண்டு போனார். ஒரே ஒரு சொல். 'தெரியவில்லை.'

பேராசிரியர் அதை மேசையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். நாங்கள் எல்லோரும் கரடியாகக் கத்தினோம். "ஒரு வரி சார், ஒரே ஒரு வரி!" அவர் சிரித்துக்கொண்டே, "அவ இல்லாத நேரத்துல அவளப் பத்திப் பொய் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவரோடு டீ குடிக்கவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. ரயில் நின்றது. வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் திடீரென்று ஃபோன் செய்வார். "சார், கதவெல்லாம் சாத்தியிருக்கு சார். அங்கயும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்பார். இன்னொரு நாள், "ஆளுங்கல்லாம் நடந்தே ஊருக்குப் போறாங்களாமே, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதார். ஆய்வேட்டைக் கொடுக்க அவகாசம் நீட்டித்தார்கள். பேராசிரியர் மறுபடியும் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்த அவகாசமும் முடிந்தது. முடிவுரையில் ஒரே சொல்தான் இருந்தது, அவருடைய ஆய்வுப் பதிவு ரத்தாகிவிட்டது.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்து, எங்கள் பெட்டி ஒருவழியாகக் கூடியபோது சகாயமேரி பாதியாக இளைத்திருந்தார். மெட்ராஸில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அவருடைய அக்கா அந்த நோயில் போய்விட்டார். இவர்களால் போகவும் முடியவில்லை, முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கோதண்டம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மயிலம் தாண்டிய பிறகு சகாயமேரி கேட்டார்.

"அந்த ஆலிஸும் அப்போ அந்த நோயிலதான் பூட்டாளா சார்? நாதியில்லாம?"

லத்தீன் சார் ஏற்கெனவே பலமுறை சொன்ன பதிலைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மடிக்கணினியைத் திறக்கவில்லை.

"இல்லம்மா. அவ பொழச்சிக்கினா. நோய் வந்த அப்புறம் வேலைக்கு ஆளே கெடைக்கல இல்ல, கூலி ஏறிப்போச்சு. இந்த ஊரு வாணாம்னு பக்கத்து ஊருக்குப் போய்ட்டா. அங்க அவள யாரும் பொறுக்க வுடல."

"ஏன் சார்?"

"ஒக்காருமா, நாங்களே தர்றோம்னுட்டாங்க. அங்கதான் கடைசி வரைக்கும் நல்லா இருந்தா."

சகாயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழச்சா போதும்" என்றார். முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது திரும்பி ஒரு தலையசைப்பு.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் லத்தீன் சாரைப் பிடித்து நிறுத்தினேன். "இத்ததான சார் எழுதச் சொன்னோம்! எழுதியிருந்தா இந்நேரம் நீங்க டாக்டரு."

"அங்க எழுதினா அது சாட்சி சார். நாளைக்கு எவனாவது நம்பிடுவான்."

"மேரி மட்டும் நம்பலாமா?"

"மேரி நம்பலாம் சார்" என்றார். அவர் தோளிலிருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன். கல்லூரி வரைக்கும் சேர்ந்து நடந்தோம்.

அடுத்த கல்வியாண்டு அவரை யாரும் 'வாங்க' என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தார். நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் கேள்விகளுக்கெல்லாம், ஐந்தாவதாகத் 'தெரியாது' என்று ஒன்று இருக்க வேண்டும் என வாதாடியதில் அதுவும் போயிற்று. இப்போது கள்ளக்குறிச்சி பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறார். எங்கள் ரயில் அந்தப் பக்கம் போவதில்லை.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் முறையாகப் பட்டம் வாங்கியவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில் ஏறியதும் தூங்கிவிடுகிறார்.

லத்தீன் சார், அந்த ஒரு வரியை நீங்கள் எழுதித் தொலைத்திருக்கலாம். எழுதியிருந்தால் எங்களோடு இருந்திருப்பீர்கள். எழுதாமல் போனதால்தான் உங்களை மனசு இவ்வளவு தேடுகிறது.