என் கணப்பு அடுப்பு ஜெயிச்ச கேஸ்

என் உசுரு இருக்கிற வரைக்கும் எங்க வீட்டுக் கணப்பு அடுப்பு அணையாதுன்னு சபதம் போட்டேன். எங்க லான்செஸ்டன்ல ஜூலைதான் நடுக்குளிர்காலம், அந்தக் குளிர்ல இதவிடப் பெரிய சபதம் கெடையாது. தெருவுலயே என் விறகு அடுக்குதான் உசரம். எங்கப்பா மரம் பொளந்தாரு. நானும் பொளக்குறேன். நடுவுல சட்டமும் படிக்கிறேன், முப்பத்தஞ்சு வயசுல. யுனிவர்சிட்டி விவாத மேடைல என்னை மடக்குனவன் இன்னும் பொறக்கல. வீட்டுல மட்டும் நீதிபதி வேற ஆளு. என் பொண்டாட்டி மெரிடித்.

"குட்டி ஐவி மறுபடியும் இருமுறா, லாக்லன். உன் அடுப்புப் புகைதான்."

"புகை பூரா குழாய் வழியா மேல போயிடுது. ஆதாரம் எங்க?"

"கதவத் தெறந்து கட்டை போடுறப்ப குப்புனு ரூமுக்குள்ள வருதே, அது என்ன, சென்ட்டா?"

"அது உன் சமையல். நேத்து சாசேஜ் கருகல?"

"வறுத்தது நீ, துரை."

"ஆட்சேபணை!"

"தள்ளுபடி. புள்ளைக்கு மருந்த எடுத்துட்டு வா."

விடுவேனா? காத்துல எவ்ளோ தூசின்னு காட்டுற மீட்டர் ஒண்ண யுனிவர்சிட்டில கடன் வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் ஓடணும். பச்சை எரிஞ்சா அடுப்பு இருக்கும். சிவப்பு எரிஞ்சா அடுப்பு போயிடும், செவுத்துல இருக்கிற ஏசில சூடு வெச்சுக்கலாம். வீட்டோட வந்த ஏசி அது, குளிரும் குடுக்கும், சூடும் குடுக்கும். ஒரு நாளும் போட விட்டதில்ல. என் ஃபுட்பால் கிளப் மஃப்ளர அது மேல மாட்டி வெச்சிருந்தேன்.

"கதவ அடிக்கடி தெறக்கக் கூடாது"ன்னேன். தெறந்தாத்தானே புகை?

"அப்போ நீ தொடவே தொடாத. கட்டை நானே பாத்துக்கறேன்."

பாவம். அவ குழிய அவளே வெட்டுறா!

தினம் இருட்டினப்புறம் வீட்டுக்கு வருவேன். ரூம் கதகதன்னு இருக்கும். அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு மினுங்கும். மீட்டர் பச்சை. ஐவிக்கு இருமலும் கொறஞ்சுது.

"விறகு குறையவே இல்லியே, மெரி!"

"உன் விறகு அப்படி. நின்னு எரியுது."

பெருமைல எனக்கு சட்டை பட்டன் தெறிச்சுது.

"உய்ங்னு என்னமோ சத்தம்?"

"மீட்டர் வேலை செய்யுது."

மஃப்ளர் லேசா ஆடுச்சு. ஜன்னல் இடுக்குக் காத்துன்னு விட்டுட்டேன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு க்ளெம் அண்ணன சாட்சிக்குக் கூப்புட்டு, கைல ஒரு பீரும் குடுத்து உக்கார வெச்சேன்.

"பாருங்கண்ணே! ஏழு நாளும் பச்சை! கொழந்த இருமல் போச்சு! இதான் விறகுச் சூடு! இதுல ஒரு இம்மி மாத்தம் பண்ண விடமாட்டேன்!"

"இந்த வாரம் எரிஞ்ச மாதிரியே இனிமேலும் எரியட்டும்ங்கற?" மெரிடித் கேட்டா.

"சத்தியமா!"

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?"

அடுப்புக் கதவத் தெறந்தா. உள்ள, நான் பொளந்ததுலயே அழகான ரெண்டு கட்டை. நடுவுல ஐவியோட ஆரஞ்சுக் கலர் பேட்டரி விளக்கு.

க்ளெம் அண்ணன் கட்டையத் தொட்டுப் பாத்தாரு. "நல்லா நின்னு எரியுதுப்பா. இன்னும் சூடே ஏறல."

"மோசடி!"ன்னு கத்துனேன்.

"ஒரு தடவ கதவத் தொட்டிருந்தா நீயே கண்டுபிடிச்சிருப்ப, வக்கீலு." செவுத்துல இருந்த மஃப்ளர எடுத்து என் கழுத்துல போட்டா. ஏசிச் சூடு அதுல இன்னும் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். தீர்ப்புப்படி ஜெயிச்சது என் அடுப்புதான். தெருவுல என் விறகு அடுக்குதான் இன்னிக்கும் உசரம். ஐவி இருமாம தூங்குறா. நேத்துகூட பெருமையா கணப்பு முன்னாடி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். படுக்கைலேருந்து ஐவி கொரல் குடுத்தா:

"அப்பா, தீய ஆஃப் பண்ணிட்டுப் படுங்க! பேட்டரி தீந்துடும்!"