கத்திரிப்பூ கலர் கரை

நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. ஆனால் ஒரு தீபாவளிக் காலையில், ஒரு ஈடு இட்லி வேகிற நேரத்துக்குள், என் அப்பாவையும் மாமனாரையும் சேர்த்து வேறொரு கட்சிக்கு மாற்றியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது இதைவிட மோசமாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா குரும்பலூரில் ஒரு கட்சிக்குக் கிளைச் செயலாளர். மாமனார் ஆண்டிமடத்தில் அதற்கு நேர் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். (எந்தெந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் சொல்லி, அது யார் காதிலாவது விழுந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.) பெண் பார்க்கப் போன அன்று இருவரும் மழை, முந்திரி, சின்ன வெங்காயம் என்று அண்ணன் தம்பி மாதிரிதான் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகையில் எந்தத் தலைவர் படத்தைப் போடுவது என்று வந்தபோது முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் பிள்ளையார் படத்தை மட்டும் போட்டு அச்சடித்தோம். பிள்ளையார் தப்பித்தார், நான் மாட்டிக்கொண்டேன்.

அதிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மாமனார் என்னிடம், "பந்தி நல்லா இருந்துச்சுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லுங்க மாப்ள" என்பார். "சமையக்காரரு நம்ம கட்சிக்காரருடா, வேற எப்படி இருக்கும்னு சொல்லு" என்பார் அப்பா. நடுவில் நான் தபால்காரன்.

ஐந்து மாதம் இப்படியே ஓடி, தலை தீபாவளி வந்தது. அந்த வாரம்தான் என் மனைவி கவிதா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, எனக்குப் பட்டும் வேணாம், நகையும் வேணாம். எங்கப்பாவும் மாமாவும் ஒரே பந்தியில உக்காந்து, பேசிக்கிட்டே சாப்புடணும். அத ஒரு தடவ பாத்துட்டா போதும்."

சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. வேறு கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பேன். இதை எந்தக் கடையில் வாங்குவது? அவளே என் அப்பாவுக்குப் போன் போட்டு ஆண்டிமடத்துக்குக் கூப்பிட்டாள். மருமகள் பேச்சுக்கு அப்பா கட்டுப்பட்டார். "வரேன்மா. ஆனா சாப்புட்ட ஒடனே கெளம்பிருவேன்" என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

இருவருக்கும் வேட்டி எடுக்கும் வேலை எனக்கு. நான் எட்டு வருடமாக ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவன். வேட்டி என்றால் கல்யாணத்துக்குப் பெல்ட் போட்டுக் கட்டுவது என்ற அளவில்தான் ஞானம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பெரம்பலூர் கடைவீதியில் இறங்கினேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு ஜவுளிக்கடைக்குள் விட்டது.

"எந்தக் கரைங்க சார்?" என்றார் கடைக்காரர். அவருக்கு வலப்பக்கம் அப்பா கட்சிக் கரை, இடப்பக்கம் மாமனார் கட்சிக் கரை, தனித்தனியாக அடுக்கியிருந்தது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.) ஆளுக்கொரு கரை எடுத்தால் சண்டை. இரண்டு பேருக்கும் ஒரே கரை, அதுவும் கட்சியே இல்லாத கரை எடுத்தால் சமாதானம். நடுவில் அழகாக ஒரு கத்திரிப்பூ கலர் கரை இருந்தது.

"இதுல ரெண்டு குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டுமேவா சார்? யாருக்குங்க?"

"அப்பாவுக்கும் மாமனாருக்கும்."

"ரொம்பத் தைரியம் சார் உங்களுக்கு" என்று சொல்லி, எனக்கு ஒரு டீ வரவழைத்தார். என் ரசனையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, அந்த டீயை ரசித்துக் குடித்தேன்.

தீபாவளி அன்று விடியற்காலையிலேயே ஆண்டிமடத்து வீட்டில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. அப்பா குரும்பலூரிலிருந்து அரை மூட்டை சின்ன வெங்காயத்தோடு வந்திருந்தார். கறிக்குழம்புக்கு வெங்காயம் அள்ளிப் போடணும் என்பது அவர் கொள்கை. முந்திரி அரைச்சு ஊத்தணும் என்பது மாமனார் கொள்கை. மாமியார் இரண்டையும் போட்டுவிட்டார். அந்த வீட்டில் அரசியல் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கவிதா வேட்டிகளின் முனையில் மஞ்சள் தடவி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அப்பா கரையைப் பார்த்தார். மாமனார் கரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருவரும் அசையவில்லை. பிறகு உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தார்கள். அசந்துபோய் நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இருவரையும் வாசலில் இழுத்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே என் சொந்தக் கற்பனை: 'ரெண்டு அப்பா, ஒரே கரை!'

இட்லி இலைக்கு வருவதற்குள் அப்பாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர் முகம் வெளுத்திருந்தது. "மாவட்டம் கேக்குறாரு, ஏன் கட்சி மாறுனேன்னு." (மாவட்டச் செயலாளரை எங்கள் பக்கம் மாவட்டம் என்றே சொல்வார்கள்.) அதற்குள் மாமனார் போனும் அடித்தது. அவருடைய மாவட்டம்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் பக்கத்து லாரி அதிபர் ஒருவர் ஆறு மாதம் முன்பு புதிதாகப் பேரவை ஒன்று ஆரம்பித்திருந்தார். அப்பா கட்சிக்கும் ஆகாது, மாமனார் கட்சிக்கும் ஆகாது. அந்தப் பேரவையின் கரைதான் கத்திரிப்பூ கலர். என் படத்தை எடுத்து, 'இரு பெரும் கட்சிகளின் தூண்கள் பேரவையில் ஐக்கியம்' என்று யாரோ எல்லாக் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள்.

நான் விளங்கிக்கொண்டு முடிப்பதற்குள் வாசலில் நாலு பைக் வந்து நின்றது. பேரவையின் ஒன்றிய அமைப்பாளர், கையில் இரண்டு சால்வை, ஒரு லட்டு டப்பாவோடு, "வாழ்த்துகள் அண்ணே!" என்று உள்ளே வந்தார்.

முப்பது வருடக் கட்சி, கிளைச் செயலாளர் பதவி, ஊரில் இருக்கிற மரியாதை எல்லாம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டது. கவிதா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட ஒரே ஒரு பந்தியை நானே கலைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாமனார் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

"சம்பந்தி, இப்ப என்னங்க பண்றது?"

ஐந்து மாதத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அப்பா ஒரு விநாடிதான் யோசித்தார்.

"மொதல்ல அவங்களுக்கும் எல போடச் சொல்லுங்க சம்பந்தி. நல்ல நாளும் அதுவுமா வூடு தேடி வந்தவங்கள நிக்க வச்சேவா பேசுறது? சாப்பாடு போட்டே அனுப்பிருவோம்."

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அமைப்பாளர் ஆறாவது இட்லியில் குழம்பை ஊற்றும்போது, அப்பாவும் மாமனாரும் மாறி மாறி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். "எங்கூட்டு மச்சானும் இப்படித்தாங்க, வெவரம் பத்தாது" என்று பெருந்தன்மையோடு லட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு மறுப்பு வீடியோ. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார, கவிதா எடுத்தாள். அவரவர் கட்சியில்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அப்பா உருக்கமாகச் சேர்த்துக்கொண்டார்: "எம் பையன் இன்சினியரிங் படிச்சவங்க. அதனால அவனுக்கு ஒன்னும் தெரியாதுங்க." மாமனார், "மாப்ள நல்லவருங்க, வேட்டிதான் தெரியாது" என்று ஆதரித்தார். பதவிகள் பிழைத்தன. வதந்தியைவிட வேகமாக அந்த வீடியோ பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சுற்றியது.

சாப்பிட்டவுடன் கிளம்புவேன் என்ற அப்பா, சாயங்காலம் வரை உட்கார்ந்து மாமனாரோடு உள்ளாட்சி நிலவரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நேருக்கு நேராக. கவிதா இருவருக்கும் காபி கொடுக்கிற சாக்கில் பத்துத் தடவை அந்தப் பக்கம் போய் வந்தாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன்.

"அது எந்தக் கரைன்னு உங்களுக்கு நெசமாவே தெரியலையாப்பா?"

"தெரியாம என்னடா? அந்தப் புள்ள மஞ்ச தடவி ஆசையா நீட்டுது. வேணாம்னு எப்படிச் சொல்றது? வூட்டுக்குள்ள கட்டிச் சாப்புட்டு அவுத்துரலாம்னு இருந்தேன். அவரும் அப்படித்தான் நெனச்சிருக்காரு. நீ வாசலுக்கு இழுப்பேன்னு யாருடா கண்டா?"

அப்பாவை நான் வாழ்நாளெல்லாம் கட்சிக்காரராகத்தான் நினைத்திருந்தேன். அன்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. சாய்ந்தேன். "தள்ளி உக்காருடா, வேர்க்குது" என்றார்.

இன்றும் இருவரும் தினமும் போனில் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், மறுநாளும் பேசுகிறார்கள். இத்தனை வருடத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: நான் யாருக்கும் துணி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துப் புதுப்பிப்பார்கள். முன்மொழிபவள் கவிதா.