ஸ்பானா அண்ணனும் சாமி வந்த மெஷினும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்ற சோம்பல்தான். ஆனால், காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குத் திருநீறு பூசிய ஒரே மனிதர் ஜொகூர் மாநிலத்திலேயே எங்கள் ஸ்பானா அண்ணன்தான். அதை நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்வான்?

ரெங்கத்தில் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வாடகை வீட்டில் மூன்று பேர்: நான், சாஆ ஊரிலிருந்து வந்த குணா, எங்களைவிட இருபது வயது மூத்த மெக்கானிக் அண்ணன். எதைப் பழுது பார்த்தாலும் அவர் கையில் நட்டு முறுக்கும் அந்த ஒரே ஸ்பானாதான். ரைஸ் குக்கர் சூடாகவில்லை என்றாலும் அதாலேயே நாலு தட்டு. குக்கர் பயந்துபோய் வேலை செய்யும்.

அந்த வருடம் காடு எரிந்த புகைமூட்டம் எதிர்வீட்டையே மறைத்துவிட்டது. குணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். “என்ன பாட்டுடா இது?” என்று கேலி செய்வேன். ஒருநாள் அவன் சிரிக்கவில்லை.

“டாக்டர் குடுக்குற எம்சி லீவெல்லாம் முடிஞ்சிருச்சுடா. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். முடியலன்னா வேலைய விட்டுட்டு அம்மாகிட்டயே போயிர்றேன்.”

“ஏன், சாஆக்கு வர்றதுக்குப் புகைக்கு பெர்மிட் வேணுமா?” என்றேன். அவன் பையை எடுத்துத் துணி மடிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் அண்ணன் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னண்ணே, வாஷிங் மெஷினா?”

“காத்தத் தொவைக்கிற மெஷின்டா.”

ஹாலில் குணாவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்து, முன்னால் நின்று மூச்சை இழுத்தார். “கேமரன் மலை காத்துலா.” இரண்டு நாளாகியும் குணாவின் விசில் நிற்கவில்லை. பின்மூடியைத் திறந்தேன். ஃபில்டர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

“அண்ணே, மூக்கப் பொத்திட்டா அது எப்படி மூச்சு விடும்?”

“புதுசாச்சே, அழுக்காகக் கூடாதுன்னு போட்டுருக்காங்கன்னு நெனச்சேன்.”

அவர் மோட்டார் சைக்கிள் சீட்டில் கடைக்காரன் போட்ட உறை ஐந்து வருடமாக இருந்தது. நம் ஆட்களிடம் புதுசு என்றால் அப்படித்தான்.

உறையைக் கழற்றியதும் பச்சை விளக்கு எரிந்தது. விசில் பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் வெள்ளிக்கிழமை வந்தது.

அண்ணன் வெள்ளி சாம்பிராணியைத் தவறவிட்டதே இல்லை. தட்டோடு ஹாலைச் சுற்றினார். பச்சை விளக்கு குபீரென்று சிவப்பானது. மெஷின் உறும ஆரம்பித்தது.

“சாமி வந்துருச்சுடா.”

திருநீறு எடுத்து மெஷினின் நெற்றியில் பூசினார். அதற்கு நெற்றி எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். “யாரு வந்திருக்கீங்க?” என்று பணிவாகக் கேட்டார். நான் தரையில் உருண்டு சிரித்தேன். குணாவின் இருமல் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

“அண்ணே, உள்ள ஃபேன் காத்த இழுக்குது, ஃபில்டர் தூசியப் புடிச்சு வச்சிக்குது. புகை கூடுனா செவப்பு லைட்டு. அதுக்கு வெளிப்புகையும் சாம்பிராணியும் ஒண்ணுதான்.”

“சாம்பிராணியும் அழுக்கா?”



அடுத்த வெள்ளி வேலை முடிந்து வந்தபோது, வாசலில் அண்ணன் புகைமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாம்பிராணித் தட்டு. கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தன. ஜன்னல் கண்ணாடி வழியாகச் சாமி படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மெஷின் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். மெதுவாகப் பேச வராது.

“முருகா, கோவிச்சுக்காத. உள்ள புள்ளைக்கு மூச்சு பத்தல. கொஞ்ச நாளைக்கு இங்கேர்ந்தே காட்டுறேன்.”

கேலி பத்து கையிருப்பில் இருந்தது. கேட்டைத் திறக்காமல் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

மாசக் கடைசியில் குணா போகவில்லை. ஃபில்டரின் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அண்ணன் பேசியதை அவனிடம் சொன்னதும் இல்லை. அவன்தான் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தானே.

எழுதியதை முதலில் குணாவுக்குத்தான் அனுப்பினேன். எதற்கும் பத்து வாய்ஸ் மெசேஜ் போடுகிறவன், ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறான்:

“தூங்கலடா, அவர் பேசுனதக் கேட்டுட்டுத்தான் கட்டி வச்ச பையப் பிரிச்சேன்.”