மாடி வீட்டுக்கு ஒரு மன்றாட்டு

"மன்றாடிக் கேட்டுக்கிறேன் சார், மாடிப் போர்ஷனை எங்களுக்கே விடுங்க" என்று லிசி முடிப்பதற்குள், ஊஞ்சலில் இருந்த வீட்டுக்காரர் ராமானுஜம் கையை உயர்த்தினார்.

"மன்றாடிங்கறேளே, அர்த்தம் தெரியுமோ? மண்ணில விழுந்து ஆடறது. அதான் மன்றாட்டு."

லிசியால் அந்த விளக்கத்தை அப்படியே விட முடியவில்லை. அவள் தமிழ் டீச்சர். தென்னூர் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பார்த்த வீடெல்லாம் கைநழுவி, ஸ்ரீரங்கத்தில் இந்த மாடி ஒன்றுதான் மிச்சம். "அங்க வந்து டீச்சராகாத, கெஞ்சு" என்று கணவன் பிராங்க்ளின் காவிரிப் பாலம் நெடுக பைக்கில் ஓதிக்கொண்டு வந்திருந்தான்.

"மண் இல்ல சார், மன்று" என்றது அவள் வாய். "மன்றுன்னா சபை. சபையில நின்னு தன் வழக்கை எடுத்துச் சொல்றதுதான் மன்றாடுறது. கெஞ்சுறதுங்கிற அர்த்தம் அப்புறம் வந்தது."

பிராங்க்ளின் அவள் காலை மிதித்தான்.

"சபையில நிக்கறவா எதுக்குக் கெஞ்சணும்?" ராமானுஜம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெஞ்ச வேண்டாம் சார். எங்க சர்ச்சுல மன்றாட்டு சொல்றப்ப எழுந்துதான் நிப்போம். யாரும் உருள மாட்டோம்."

"அப்போ நான் சொல்றது தப்புங்கறேள்!"

குரல் ஏறியதில் லிசி பதறிப்போனாள். "ரெண்டும் இருக்கலாம் சார்..."

"அதெப்படி இருக்கும்? ஒண்ணுதான் சரி. எது?" ஊஞ்சல் நின்றுவிட்டது.

பிராங்க்ளின் இப்போது அவளைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான்.

நிமிர்ந்து நின்று கேட்பதே மன்றாட்டு என்று வகுப்பு வகுப்பாக முழங்கியவள் லிசி. முதுகெலும்பா, காற்றோட்டமான இரண்டு ரூமா? முடிவெடுக்க ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை என்பதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க சொன்னதுதான் சார் சரி. மண்ணுல விழுந்து ஆடுறதுதான்."

ராமானுஜத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "யோசிச்சுச் சொல்றேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

கேட் வரை வந்த அவர் மனைவி ரெங்கம்மாள், குரலைத் தாழ்த்தினாள்.

"கெடுத்துட்டியேம்மா! தப்புன்னு அவருக்குத் தெரியாதா? ரிடையர் ஆனதிலேருந்து சண்டை போட ஆளில்லாம தவிக்கறார். கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்காதவாளுக்குத்தான் மாடின்னு, எத்தனை 'ஆமாம் சாரை' திருப்பி அனுப்பியிருக்கார் தெரியுமோ?"