லெஃப்ட் மரைக்கு நான் சொன்ன ரைட்டு

பேச்சு வராதவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். சிலருக்கு அது "பாக்கலாம்". சிலர் ஒரு சிரிப்பை வைத்தே ஓட்டிவிடுவார்கள். எனக்கு "ரைட்டு".

ஸ்ரீரங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். அங்கே இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்பட்டதில்லை. "கோடு போடாத நோட்டு ஒரு டஜன்." "ரைட்டு." "பைண்டிங் பிரியாதுல்ல?" "ரைட்டு." பத்தாவது வரை படித்ததில் எனக்குத் தைரியமாக வாயில் வரும் இங்கிலீஷும் அவ்வளவுதான்.

இதனால் சின்னச் சின்னச் சேதங்கள் நடந்ததுண்டு. ஒருமுறை சலூன்காரர் "மீசையையும் எடுத்துடலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். நான் வேறு ஏதோ யோசனையில் "ரைட்டு" என்றிருக்கிறேன். ஆதார் அட்டைக்குப் படம் எடுத்தது அதற்கு மறுநாள். (அதைப் பார்த்து, "இது உங்க தங்கச்சியா?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். எனக்குத் தங்கச்சி கிடையாது.)

மீசை வளர்ந்துவிட்டது. இப்போது சொல்லப்போவது அப்படி ஆறிப்போகிற விஷயம் இல்லை.

என் மனைவியின் அக்கா பரமேஸ்வரியை லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. நாங்கள் பரமு அக்கா என்போம். விதைநெல் போட்டு விற்பது அவர் தொழில். அறுவடைக்கு இப்போது எல்லாரும் பெரிய மிஷினை வாடகைக்கு எடுக்கிறார்கள். வயலில் இறங்கினால் அறுப்பு, அடிப்பு, தூற்றல் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் அது ஊர் ஊராகப் போய்வருகிற மிஷின். அதன் வயிற்றில் எந்த ஊர் நெல் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விதைநெல்லில் வேறு நெல் கலந்தால் பரமு அக்கா பேர் போச்சு. அதனால் அவர் கையால் அறுத்துக் கட்டி, சொந்த மிஷினில்தான் அடிப்பார்.

அந்த மிஷினுக்கு என்னைவிட வயது அதிகம். பச்சை பெயிண்ட், இரும்புச் சக்கரம், யானை படுத்த மாதிரி உடம்பு. தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பரமு அக்கா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தாலே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுக்காரர், அதாவது என் சகலை செல்வராசு, அந்த மிஷினை "எங்க மூத்தவ" என்பார். அவருக்குப் பேச்சுதான் பிரதானம். நான் பேசாமல் மிச்சம் பிடித்த வார்த்தைகளையெல்லாம் அவர்தான் செலவு செய்கிறார் என்று நினைக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், தை மாதக் கடைசியில், காலை எட்டு மணிக்கு அவர் போன் செய்தார்.

"சகல, மூத்தவ நின்னுட்டா. டிரம் தண்டு நட்டு பறந்துடுச்சு. வைக்கோல்ல எங்க போய் விழுந்துச்சுன்னே தெரியல. வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. டவுன்ல நீங்கதான் இருக்கீங்க. எழுதிக்கங்க. ஒன்னேகால் இஞ்சு. எம்.எம். அளவு குடுத்தா வாங்காதீங்க. லெஃப்ட் மரை. லெஃப்ட்டு! சாயங்காலத்துக்குள்ள அடிச்சாகணும்."

"ரைட்டுண்ணே."

மரை என்பது நட்டுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் வரி. எல்லா நட்டும் வலப்பக்கம் திருகினால் இறுகும். கதிரை அடிக்கிற டிரம் சுற்றுகிற வேகத்தில் அந்த மாதிரி நட்டு தானாகவே கழன்று வந்துவிடும் என்பதால், இந்த ஒரு இடத்தில் மட்டும் இடப்பக்கம் திருகினால் இறுகுகிற நட்டு. அதுதான் லெஃப்ட் மரை. இவ்வளவு தெளிவாக இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நட்டு என்றால் இரும்பு என்பதுதான். சொன்னதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, பரமு அக்கா வீட்டுக்கு என்று மனைவி கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாலக்கரைப் பக்கம் முதல் கடை கண்ணாடிக் கதவு போட்ட கடை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "பார்ட் நம்பர் சொல்லுங்க சார்" என்றது. நான் விழித்தேன். "பார்ட் நம்பர் இல்லாம வராது சார்" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கீபோர்டுக்கு அடியில் செருகிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தது. சீட்டைத் திருப்பிக் கேட்க எனக்குக் கூச்சம். வெளியே வந்துவிட்டேன். (ஒரு துண்டுச் சீட்டைத் திருப்பிக் கேட்க என்ன கூச்சம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள்.)

அடுத்த கடைக்காரர், "அந்தக் காலத்து சாமானா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அகலம் ஆறடிகூட இருக்காது. தரையிலிருந்து கூரை வரைக்கும் பிஸ்கட் டின்கள். எந்த டின்னிலும் எந்தப் பேரும் எழுதியிருக்கவில்லை. நடுவில் ஒரு ஸ்டூலில் என் வயதை ஒட்டிய ஒரு பாய் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க தம்பி."

"கதிரடிக்கிற மிஷின்... பழசு... நட்டு..." என்றேன். எனக்கு இதுவே ஒரு சொற்பொழிவு.

"டிரம் தண்டு நட்டா?"

"ரைட்டுங்க."

"இஞ்சு மரையா இருக்கணுமே. ஒன்னேகாலா?"

"ரைட்டுங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் சொன்னது நாலே வார்த்தை. நாடி பிடித்த வைத்தியர் மாதிரி மிச்சத்தை அவரே சொல்கிறார். எழுந்திருக்கக்கூட இல்லை. பின்னால் கையை விட்டு, எத்தனையோ டின்களில் ஒரு டின்னை இழுத்து, பார்க்காமலே இரண்டு நட்டுகளை எடுத்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றின் உள்ளே விரல் நகத்தை விட்டு ஓட்டிப் பார்த்தார்.

"பச்சை பெயிண்டு, இரும்புச் சக்கரம். அந்த மிஷின்தானே?"

"ரைட்டுங்க."

"அப்ப லெஃப்ட் மரை."

"ரைட்டுங்க."

அவர் கை நின்றது. "ரைட்டா?"

"ரைட்டுங்க."

"தம்பி, டிரம்முக்கு லெஃப்ட்டுதானே வரும்?"

"ரைட்டு, ரைட்டு."

(இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.)

அவர் இரண்டு நட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரிதான், உங்க மிஷின், உங்களுக்குத் தெரியாததா" என்று ஒரு நட்டை என் கையில் வைத்தார். தொலைந்துவிடக் கூடாது என்று அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். நான் பணம் எடுப்பதற்குள் அவர் எதையோ காகிதத்தில் சுற்றி என் மஞ்சப் பையில் போட்டபடி என்னவோ சொன்னார். சந்துக்குள் ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்ததில், "...வந்து குடுங்க" என்ற முடிவு மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறி உட்கார்ந்தபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு இரும்புக் கடையில் பேசி ஜெயித்திருக்கிறேன். நட்டு வேறு சட்டைப் பையில் நெஞ்சை இடித்துக்கொண்டே வந்தது, பதக்கம் மாதிரி.

களத்துக்குப் போய்ச் சேரும்போது வடக்கே வானம் ஸ்லேட்டுப் பலகையாக இருந்தது. அறுத்த கட்டுகள் மிஷின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. விதைநெல் நனைந்தால் கட்டிலேயே முளைத்துவிடும். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் பரமு அக்கா. சகலை ஆட்களைக் கூப்பிடப் போயிருந்தார். அக்கா தார்ப்பாய் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வாங்கியாச்சா தம்பி? நல்ல வேளை. அப்படி உக்காருங்க, வந்து நான் மாட்டிக்கிறேன்" என்று என் மஞ்சப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

"ரைட்டுக்கா" என்றேன். உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்து எனக்கு வீரம் வந்துவிட்டது. அவர்கள் திரும்பி வரும்போது மிஷின் தயாராக நிற்க வேண்டும். "அடேயப்பா, நம்ம சகலையா!" என்று செல்வராசு வாயைப் பிளக்க வேண்டும்.

நட்டைத் தண்டில் வைத்துத் திருகினேன். போகவில்லை. துரு இருக்கும் என்று எண்ணெய் விட்டேன். போகவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தது. ஆஹா என்று பெரிய ஸ்பானரைப் போட்டு, அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயையும் செருகி, காலை மிஷினில் ஊன்றி, குலதெய்வத்தை நினைத்து இழுத்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். அந்த மிஷின் அதன் ஆயுசில் அப்படிக் கத்தியிருக்காது. நட்டு பாதி ஏறி, கோணலாகக் கவ்விக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது.

நிமிர்ந்து பார்த்தால் சகலை நிற்கிறார். பின்னால் ஆறு ஆட்கள். தார்ப்பாயோடு பரமு அக்கா.

அக்கா குனிந்து பார்த்தார். "தம்பி, இது ரைட் மரை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"லெஃப்ட்டுன்னு அவரு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாருக்கா."

"கடைக்காரர் எதுவும் கேக்கலியா?"

"லெஃப்ட்டான்னு கேட்டாருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே சகலைக்குப் புரிந்துவிட்டது.

"ரைட்டுன்னு சொன்னீங்களா?" அவர் அப்படியே நெல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மிஷினுக்கு ஒரு மரைதான் கழண்டுச்சு சகல. உங்களுக்கு மொத்தமா கழண்டிருக்கே! டவுன்லேருந்து ஆள் வர்றார், நட்டு வருதுன்னு இங்க ஒரு ஊரே காத்துக்கிட்டுக் கெடக்கு!"

ஆட்கள் சிரித்தார்கள். பரமு அக்கா சிரிக்கவில்லை. வானத்தை ஒரு தடவை பார்த்தார், கட்டுகளை ஒரு தடவை பார்த்தார். "பேச்ச அப்புறம் வெச்சுக்கலாம். இத மொதல்ல வெட்டி எடுக்கணும்" என்று உளி எடுக்க வீட்டுக்கு ஓடினார். எனக்கு அந்தக் களத்திலேயே ஒரு வைக்கோல் போருக்குள் நுழைந்து கொஞ்ச வருடம் இருந்துவிட்டு வரலாம் போல இருந்தது.

போனவர் ஒரு கையில் உளியும் அரமும், மறு கையில் என் மஞ்சப் பையுமாக வந்தார்.

"ஆளுங்களுக்கு முறுக்கு எடுக்கலாம்னு பையில கைய விட்டேன். என்ன தம்பி, எனக்குத் தனியா ஒரு நட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

செய்தித்தாள் துண்டில் சுற்றிய இன்னொரு நட்டு. காகித ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது: "இது லெஃப்ட். எது சேரவில்லையோ அதைத் திருப்பித் தரவும்."

சகலை அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

பரமு அக்கா அப்போது செய்த வேலையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நான் கோணலாக ஏற்றிய நட்டை உளியால் இரண்டு இடத்தில் பிளந்து எடுத்தார். தண்டில் முதல் இரண்டு வரியும் நசுங்கியிருந்தன. முக்கோண அரத்தை எடுத்து, அம்மி முன்னால் உட்காருவது போல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக அராவி உயிர் கொடுத்தார். அவசரமே இல்லை. இடி இடித்தது, அவர் கை ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. நடுநடுவே கண்ணை மூடி, வரியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சந்துக்குள் இருந்த பாயின் விரல் நகம் ஞாபகம் வந்தது. கடைசியில் லெஃப்ட் நட்டை வைத்து, எதிர்ப்பக்கமாக ஒரு சுண்டு. அது தன் வீட்டுக்குள் போவது போல் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மூத்தவள் கர்ஜித்தாள். நானும் கட்டு தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. வேறு எப்படி அங்கே நிற்பது? மழை வந்தபோது இரண்டே இரண்டு கட்டு பாக்கி. "அது ரெண்டும் சகலையோட ரைட்டுல போனது" என்று செல்வராசு தீர்ப்பு சொல்லி மாட்டுக்குப் போட்டார். மற்றதெல்லாம் நனையாமல் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அந்த வருட விதை நன்றாக முளைத்ததாகத்தான் கேள்வி.

அடுத்த வாரம் பிளந்த நட்டை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, யாரோட சண்டை போட்டுச்சு இது?"

பஸ்ஸில் வரும்போதே ஒரு முழு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "லெஃப்ட்டுதான்னு உங்களுக்கே தெரியுமே பாய், அப்புறம் ஏன் ரைட்டையும் குடுத்தீங்க?"

"தெரியும். ஆனா நீங்க அத்தன தடவ அழுத்திச் சொல்றீங்க. வாங்க வந்தவரப் பொய்யாக்கவும் கூடாது, மிஷினப் பட்டினி போடவும் கூடாது. அதான் ரெண்டையும் வெச்சேன். சொல்லித்தான தம்பி வெச்சேன்? நீங்களும் ரைட்டுன்னீங்களே!"

பிளந்த நட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஸ்டூலுக்கு மேலே ஒரு ஆணியில் அதை மாட்டினார். இப்போதும் அங்கே தொங்குகிறது.

வீட்டில் அன்றிலிருந்து "ரைட்டு" தடை செய்யப்பட்டுவிட்டது. சரி என்று சொல்ல வேண்டுமானால் "லெஃப்டு". "சாப்பிடலாமா?" "லெஃப்டு." "லைட்டை அணைச்சிடவா?" "லெஃப்டு." முதலில் கேலிக்காகச் சொன்னது, நாளாவட்டத்தில் எனக்கு நாக்கில் தங்கிவிட்டது.

போன ஐப்பசியில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்து, பையனின் அப்பா என் பக்கம் திரும்பி, "அப்ப எங்களுக்குப் பூரண சம்மதம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். வீடே என்னைப் பார்த்தது.

"லெஃப்டுங்க" என்றேன்.

அவர் முகம் அப்படியே இறங்கிவிட்டது. பையனின் அம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். உள்ளே என் மகள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு சகலை எழுந்து நின்றார். "பதறாதீங்க, பதறாதீங்க. எங்க வீட்டுல அதுக்கு அர்த்தம் வேற" என்று, போன் வந்த காலை எட்டு மணியிலிருந்து ஆரம்பித்து, மீசை எடுத்த கதையையும் நடுவில் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னார். பரமு அக்கா தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்ததும் பையனின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்து இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார்.

"எங்களுக்கும் லெஃப்டுங்க, சம்பந்தி."