பிரிட்ஜில் நூற்று நாற்பது பொட்டலம் மண்

வெள்ளகோவில் மச்சான் மணியன் அவர்களுக்கு, பெருமாநல்லூரிலிருந்து கருப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை கமலாம்பாள், உங்கள் மகள் தமிழ்மதி மூவரும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை நிற்கட்டும். கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் கமலாம்பாள் காதில் விழும். விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இருக்கும், குழம்பு இருக்காது.

விஷயம் தமிழ்மதியைப் பற்றியது. தப்பாக ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். கோயமுத்தூர்க் கல்லூரியில் புது மருந்து தேடும் ஆராய்ச்சி, அதற்குத் திருப்பூர்ச் சுற்றுவட்டார மண் வேண்டும், மூன்று மாதம் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று நீங்கள் கேட்டபோது, மண்தானே என்று தலையாட்டினேன். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம், இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றோடொன்று சண்டை போட்டு விஷம் கக்குமாம், அந்த விஷத்திலிருந்துதான் நமக்கு ஆன்டிபயாடிக் கிடைக்கிறதாம். நல்ல காரியம். ஆனால் அந்த மண் நூற்று நாற்பது பொட்டலமாக என் வீட்டு பிரிட்ஜில் இருக்கிறது. மாவுச் சட்டி வெளியே புளித்துக் கிடக்கிறது. பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, இனியாவது உட்காரலாம் என்று சித்திரையில் ரிட்டையர் ஆனவன் நான். உட்கார நாற்காலி இல்லை. நாற்காலியிலும் மண் காய்கிறது.

போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குளியலறைத் திட்டில் இருந்த பொட்டலத்தை அரப்பு என்று நினைத்துத் தலையில் அப்பித் தேய்த்தேன், தேய்த்தேன், நுரையே வரவில்லை. பார்த்தால் அது ஒரு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் எடுத்துச் சலித்து வைத்த மண். சத்தம் கேட்டு ஓடிவந்த உங்கள் மகள் கதவுக்கு வெளியே நின்று, “மாமா, பொட்டலத்துல கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான்.

வெளியே போனாலும் நிம்மதி இல்லை. ஸ்கூட்டர் ஓட்டுவது நான்தான். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறையில் கல்லுக்கு அடியில் இருக்கும் மண் வேண்டும் என்றாள். அந்தச் சிற்பி பாதி செதுக்கிய பிள்ளையாரை நான்கு பேரை வைத்து நகர்த்திக் கொடுத்தார். நகர்த்தின பிறகு, “இதுல வெயில் பட்டிருக்குதுங்க, பக்கத்துச் சிலைக்கு அடியில பாக்கலாங்களா?” என்கிறாள். பக்கத்தில் இருந்தது நந்தி. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடைக்கரையில் அவள் கையுறை மாட்டிக்கொண்டு குழாயில் மண் எடுத்தபோது, எங்களை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்று நினைத்து மேனேஜர் இளநீரோடு ஓடிவந்தார். “எல்லாம் ரூல்ஸ்படிதான் ஓடுதுங்க சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழ்மதி அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, “நாங்க ஆபீசருங்க இல்லீங்க, உங்க இடத்துல கிருமி இருக்குதான்னு மட்டும் பாக்கறோமுங்க” என்றாள். அந்த மனிதர் இளநீரைத் தானே குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் போகட்டும். பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் விவகாரம்தான் என்னை இந்தத் தபால் எழுத வைத்தது. அவர் வீட்டு முருங்கை மரத்தடியில் தமிழ்மதி ஒரு கரண்டி மண் எடுத்து, கவரில் போட்டு, மேலே ‘பழனாத்தாள் – 87’ என்று எழுதியிருக்கிறாள். அதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மறுநாள் நேராக என் வாசலுக்கு வந்தார்.

“ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுப் புள்ள எங்காலடி மண்ணை அள்ளிப் பேரெழுதி வெச்சிருக்குது. செய்வினை வெக்கற அளவுக்கு எம்மேல என்னங்க பகை?”

“செய்வினை இல்லீங்க, மருந்து” என்றேன்.

“அதையுந்தான் மருந்து வெக்கறதும்பாங்க” என்றார்.

மண்ணைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றார். அது அதற்குள் கோயமுத்தூர் போய்விட்டது. எங்கள் தென்னையடி மண்ணைக் கவரில் போட்டு நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, “இது எங்க மண்ணில்லீங்க” என்றார். அன்றோடு பேச்சு நின்றது, கறிவேப்பிலையும் நின்றது.

நான் ஏன் அவளைக் கண்டிக்கவில்லை என்று கேட்பீர்கள். போன வருடம் கமலாம்பாளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து புண் ஆறாமல் இருபத்தாறு நாள் படுத்திருந்தது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு மருந்தாக ஏற்றிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதுங்க. இன்னும் ஒண்ணுதான் மிச்சம்” என்றார். அந்த ஒன்று கேட்டது. கேட்காமல் போயிருந்தால் என்ற நினைப்பில் இன்றும் எனக்குச் சாப்பாடு பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது கட்டிலருகில் உட்கார்ந்திருந்தது தமிழ்மதிதான். அதற்குப் பிறகுதான் இந்த மண் பைத்தியம். அதனால் அத்தையும் மருமகளும் ஒரு கட்சி, நான் மட்டும் தனிக் கட்சி.

நேற்று கோயமுத்தூரிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் போனில் ஒரு படம் காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்க, நடுவில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி ஒன்றுமே முளைக்காமல் சுத்தமான வட்டம். அந்தப் பொட்டு எண்பத்தேழாம் நம்பர், முருங்கையடி மண்ணில் இருந்த உயிர். துணியில் ஓட்டை பார்த்துப் பழகிய கண் எனக்கு. அப்படி ஒரு நேர்த்தியான வட்டத்தை நான் பார்த்ததில்லை. கமலாம்பாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன், மறைப்பானேன். ஆக, தேடினது கிடைத்துவிட்டது. இனி மண்ணுக்கு வேலை இல்லை. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மகளை அழைத்துச் செல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உட்கார வேண்டும் மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். மழை நன்றாகப் பெய்து தோட்டமும் கிணறும் நிறையட்டும்.

இப்படிக்கு,
கருப்புசாமி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் கல்லூரியிலிருந்து போன் வந்துவிட்டது. அந்த முருங்கையடிப் பொட்டு சுரப்பது எழுபது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த மருந்துதானாம். தட்டில் இருந்தது சாதாரணக் கிருமியாம், ஆஸ்பத்திரியில் இருக்கும் இப்போதைய கிருமி அதற்கெல்லாம் அசையாதாம். தமிழ்மதி அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, “நூத்துல தொண்ணூத்தொம்பது தடவ இப்படித்தான் ஆகுமுங்க மாமா” என்று மட்டும் சொன்னாள். கமலாம்பாள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, “அடுத்து எங்க போகோணும் கண்ணு?” என்று கேட்டுவிட்டேன். நாளைக்கு ஊதியூர் மலை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தே தீருவதானால் உங்கள் கிணற்று மேட்டில், வெயில் படாத பக்கமாக, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒரு கைப்பிடி எடுத்துவாருங்கள். கரண்டியைச் சுடுதண்ணீரில் கொதிக்கவைத்து எடுங்கள், கையால் தொடாதீர்கள். போன தடவை அக்கா கொடுத்தனுப்பிய மண்ணில் வேப்பங்கொட்டை கிடந்தது, நான் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதாயிற்று.